மூன்றாம் பாகம்

“பத்துப் பேராவது வந்தாத்தான் ஷோ போடுவோமுங்க” என்றார் ராசிபுரம் தியேட்டர் மேனேஜர் குமாரசாமி. படம் வந்து நாலு நாள்தான் ஆகிறது. முதல் நாளுக்கென்று தூசி தட்டி வைத்த ஹவுஸ்ஃபுல் பலகை இன்னும் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் கிடந்தது.

“அப்பப் பத்து டிக்கெட்டும் எனக்கே கொடுங்க” என்றாள் கமலவேணி.

அவருக்கு மனசு கேட்கவில்லை. “முதல் பாகத்துல ஹீரோ தன்னோட வீட்டைக் காப்பாத்துனாரு, சனம் அழுதுச்சு. இந்த மூணாம் பாகத்துல உலகத்தையே காப்பாத்துறாரு, ஒருத்தரும் அழுவல. எதுக்குங்க வீணா? பாத்தே தீரணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க, கொஞ்சம் கூட்டமாச்சும் இருக்கும்.”

“வேண்டாமுங்க. இன்னைக்கே பாக்கோணும்.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். “மத்தவங்க எங்கீங்க?”

“நாங்க ரெண்டே பேருதானுங்க.”

அவள் கைகாட்டிய இடத்தில் இருபது வயது மகன் ஈஸ்வர், போஸ்டரில் இருந்த ஹீரோவின் கன்னத்தைத் தடவுவதும் குதித்துக் கைதட்டுவதுமாக இருந்தான். குமாரசாமிக்கு அந்த முகம் நினைவுக்கு வந்தது. இரண்டாம் பாகத்தில் சந்தோஷம் தாங்காமல் கத்திக்கொண்டே இருந்தவனை, கூட்டம் முணுமுணுக்கிறது என்று இடைவேளைக்கு முன்பே வெளியே அனுப்பியது அவர்தான்.

“முதல் பாகத்துக்கும் பாதியிலதானுங்க எந்திரிச்சு வந்தோம்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “இதையாவது அவன் முழுசாப் பாக்கோணும். படம் ஓடலைன்னு கேட்டதும்தான் கூட்டியாந்தேன்.”

குமாரசாமி எழுந்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கேட்டில் மாட்டினார்.