படகு டேங்கில் தண்ணீர்

“இது டீசல் டேங்கா, தண்ணித் தொட்டியாண்ணே?” என்றான் மெக்கானிக் காளை.

பில்ட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி வெயிலில் காட்டினான். மேலே டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். அதற்கும் அடியில் இலைத்தூள் மாதிரி பச்சையாய் ஒரு கசடு. அழகுராஜா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மேலூருக்குப் பக்கத்துக் கண்மாயில் சவாரிப் படகு ஓட்டுகிறவன் அவன். இருப்பது ஒரே படகு. இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை நடுக் கண்மாயில் நின்று, வந்தவர்களைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தாயிற்று. இன்று நாலு மணிக்கு அதிகாரி வருகிறார். அவரை ஏற்றிக்கொண்டு நிற்காமல் ஒரு சுற்று ஓடினால் அடுத்த வருஷமும் அனுமதி. நின்றால், படகை வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட வேண்டியதுதான்.

அவனும் சும்மா இருக்கவில்லை. பங்க்காரனோடு சண்டை போட்டு வேறு பங்க்குக்கு மாறினான். வேட்டித் துணியை நாலாக மடித்து டீசலை வடிகட்டி ஊற்றினான். டேங்க் மூடிக்குப் புது வாஷர் போட்டான். இலைத்தூள் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்து, கரையிலிருந்த புங்கமரக் கிளையைக்கூட வெட்டித் தள்ளினான். பாவம், மரம் என்ன செய்யும்? வாரம் தவறாமல் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

சோறு கொண்டுவந்த மனைவி நாகஜோதி அவன் முகத்தைப் பார்த்துக் கலங்கிப்போனாள்.

“அழகர்சாமி கைவிட மாட்டாரு மாமா.”

“அவரா வந்து பில்ட்டரக் கழுவப் போறாரு? போடி அங்கிட்டு” என்று எரிந்து விழுந்தான்.

காளை டேங்கைக் காலி செய்து, உள்ளே ஈரம் போகத் துடைத்து, புது டீசல் ஊற்றி, பைப்பில் இருந்த காற்றை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். ஒரு மணி நேரம் எஞ்சின் இருமக்கூட இல்லை. அப்பாடா என்று அவனும் அழகுராஜாவும் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாகஜோதி படகைத் துடைத்து வைத்தாள்.

சொன்னபடி நாலு மணிக்கு அதிகாரி வந்து ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பல நாள் கழித்து அழகுராஜா சிரித்தான்.

கயிற்றை அவிழ்த்துக் கொடுத்த நாகஜோதி அவன் காதோரம் குனிந்தாள்.

“தைரியமா போங்க மாமா. இம்புட்டு நாளும் அழகர்மலைத் துளசித் தீர்த்தத்த அரைச் செம்புதான் டேங்குல ஊத்துனேன், பத்தல போல. இன்னைக்கு முழுச் செம்பையும் ஊத்திட்டேன்.”