வாசலில் பச்சை

யுத்த காலம். ராஜபாளையம் கடைகளில் கலர்க் காகிதம் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் ஏசம்மாள் புருஷன் அருளப்பனிடம் சொன்னாள்: "வாசல்ல பச்சையா எதையாச்சும் கட்டுங்க. பண்டிகை வீடுன்னு தெரியட்டும்."

அதோடு அடுப்படிக்குள் போனவள்தான். தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்க அவளே முடைந்த ஓலைக் கொட்டான்களில் முந்திரிக்கொத்தை நிரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

உச்சிப்பொழுது தாண்டியும் ஒருவரும் வரவில்லை. வருஷா வருஷம் விடிந்ததுமே வந்து நிற்கும் பிள்ளைகள்கூட வாசல்வரை வந்து, திரும்பி ஓடின.

"நாம யாருக்கு என்ன பொல்லாப்பு செஞ்சோம்?" என்றாள்.

"வருவாக, வருவாக" என்றான் அருளப்பன்.

பொறுக்கமாட்டாமல் கொட்டான்களைத் தூக்கிக்கொண்டு அவளே கிளம்பியபோது, பக்கத்து வீட்டுச் சீனியம்மா படியேறி வந்தாள். கோழிச் சண்டையில் இரண்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவள். கையில் இரண்டு இளநீர்.

"மனசு கேக்கல, ஏட்டி. யாருக்கு அம்மை போட்டிருக்கு? எனக்குச் சின்னதுலயே போட்டுப் போயிருச்சு, பயமில்ல. நான் பாத்துக்கிடுதேன், நீ செத்த படு."

ஏசம்மாள் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தாள். நிலை முழுக்க வேப்பிலை.

அருளப்பன் தலையைச் சொறிந்தான். "வேதக்கார வீட்டுல எந்த எலையா இருந்தா என்னன்னு கட்டிட்டேன். இந்தா, அவுத்துப் போடுதேன்."

"அத நாளைக்கு அவுத்துக்கிடலாம். மொதல்ல மதினிக்குப் பாயப் போடுங்க" என்றாள் ஏசம்மாள்.