417-ம் 29-ம்

"கம்ப்யூட்டர்ல ஒரு ப்ராசஸ் உருவாக 417 மைக்ரோ செகண்டு, த்ரெட் உருவாக 29. நீயே ப்ரோக்ராம் ஓட்டி எடுத்ததாப்பா?" ரெக்கார்டு நோட்டைப் புரட்டியபடி கேட்டார், செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த எழில்மொழி மேடம்.

"நானே ஓட்னேன் மேடம்," என்றான் ஜெயவேல். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியதுதான். அந்த சீனியரும் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியவர்.

"த்ரெட் ஏன் சீக்கிரம்?"

இது அவனுக்கு அத்துப்படி. "ப்ராசஸ்னா தனிக்குடித்தனம் மேடம். வூடு பாக்கணும், கேஸ் வாங்கணும், பாத்திரம் பண்டமெல்லாம் புதுசு. த்ரெட்னா அதே வூட்ல இன்னொருத்தரு தட்டு எடுத்துகினு வந்து குந்திக்கிறது. லேட்டே ஆவாது."

மேடம் சிரித்தே விட்டார். "பிரமாதம்! எந்த சிஸ்டத்துல ஓட்டினே?"

"ஜன்னலாண்ட கீதே, அதுல. சத்தியமா 417 மேடம், ரெண்டு வாட்டி பாத்தேன்!"

மேடம் நோட்டை மூடினார்.

"நைனா, நானும் இந்தத் திருவொற்றியூர் காலேஜ்தான். பத்து வருஷம் முன்னாடி இதே லேப்ல கரண்டு பூட்ச்சு. நோட்டுல எதையாவது எழுதணுமேன்னு நானா போட்ட நம்பரு இது. 417 எங்க வூட்டு கதவு நம்பர். 29 என் ரோல் நம்பர்."



மேடம் தன் நாற்காலியை ஜன்னலோர சிஸ்டத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வா, ஓட்டு. நெசமா எவ்ளோ வருதுன்னு இன்னிக்கி வரைக்கும் நானும் பாத்ததில்ல."