வெளியில் சுளிக்காத முகம்

வங்கிகள் எப்படிக் கவிழ்கின்றன என்று முப்பது வருஷம் ஆராய்ந்த பேராசிரியர் ஜெசிந்தா, வெளியில் முகம் சுளித்ததே இல்லை. சுளித்தால், அவர் முகத்தையே கண்காணிக்கும் தெருக்கேமராக்கள் ‘ஏதோ ஆபத்து’ என்று சொல்லிவிடும். அடுத்த நிமிஷம் ஊரே பணத்தை எடுக்க வங்கி வாசலில் நிற்கும்.

இன்று அவர் ஓய்வுபெற்றார். கண்காணிப்பும் நின்றது. கணவர் அருளப்பன் வழக்கமான காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். முதல் வாயிலேயே ஜெசிந்தாவின் முகம் அஷ்டகோணலானது.

“கண்றாவி!”

எந்த வங்கியும் அசையவில்லை. அருளப்பன்தான் ஆடிப்போனார்.

“வாராவாரம் சிரிச்சுக்கிட்டே குடிச்சியே!”

“வேற வழி?”

அருளப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நம்ம கல்யாணத்தன்னிக்குச் சிரிச்சது?”

காப்பியை அவர் பக்கம் தள்ளிவிட்டு ஜெசிந்தா சிரித்தார்.

“அப்ப நான் வெறும் ஸ்டூடண்ட். என் மூஞ்சியை உங்களைத் தவிர யாருங்க பார்த்தா?”