முதற் காரணம்

“மாட்டுக்கு அந்த ஊசியைப் போட்டது யாரு?”

டில்லிராம் கத்தியதில் கொட்டகை மாடுகள் கூட மிரண்டு திரும்பிப் பார்த்தன. கழுகுக் காப்பகத்தின் தலைவர் அவர். காலடியில் பதினோரு பாறுக் கழுகுகள் கழுத்து துவண்டு வரிசையாகக் கிடந்தன. செத்த பசுவின் ஈரலில் வலி மருந்து இருந்ததாகச் சோதனைக்கூடத்திலிருந்து தாள் வந்துவிட்டது.

மாட்டுக்கு வலியைப் போக்கும். அந்த மாட்டைத் தின்னும் கழுகுக்குச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். நேபாளத்து நாராயணி ஆற்றங்கரையில் இது தெரியாத ஆளே கிடையாது.

மருந்துப் பெட்டியின் சாவி இருவரிடம்தான் இருந்தது. ஒருவர், ஒன்பது வருடமாகக் கிழட்டு மாடுகளைப் பராமரித்து, அவை தாமாகச் செத்தபின் கழுகுகளுக்குப் போடும் ஜோகன் சௌதரி. இன்னொருத்தி, காட்மாண்டுவிலிருந்து வந்து இரண்டு வருடமாக இங்கேயே தங்கி ஆராய்ச்சி செய்யும் அபேக்ஷா. பல்லுயிர்ப் பாதுகாப்பில் முதுகலைப் படிப்பு. ஒவ்வொரு இலவ மரத்துக் கூட்டுக்கும் எண் போட்டவள். இன்னும் மூன்று மாதத்தில் அவள் ஆய்வேட்டை எழுதி முடித்துக் கொடுக்க வேண்டும்.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

ஜோகன் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னால் வந்தார்.

“நான்தான் சார்.”

“நீயா?” டில்லிராமுக்கு நம்ப முடியவில்லை. “ஊர் ஊரா சைக்கிள்ல போயி இந்த மருந்தைப் பிடுங்கிப் புதைச்சவனாச்சேய்யா நீ!”

“இடுப்பு ஒடிஞ்ச மாடு சார். மூணு நாளா அலறுச்சு. கேட்டுக்கிட்டு இருக்க முடியல. மருந்து புதுப் பேருல வந்திருந்துச்சு. ஏமாந்துட்டேன்.”

“செத்ததும் புதைச்சுத் தொலைச்சிருக்கலாமில்ல?”

“ராத்திரி வெட்டவெளியிலேயே செத்துடுச்சு சார், விடிஞ்சு நான் போறதுக்குள்ள கழுகுங்க இறங்கிடுச்சு.”

டில்லிராம் அபேக்ஷாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லும்மா. எந்த மருந்து ஆகும், எந்த மருந்து ஆகாதுன்னு இந்த ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கலையா?”

“கொடுத்தேன்...” என்றாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“கேட்டியா? படிச்ச பொண்ணு தலையால அடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கு. உன் மரமண்டையில ஏறல. நாளைக்குள்ள இடத்தைக் காலி பண்ணு.”

மறுநாள் காலையில் ஜோகன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது அபேக்ஷா அங்கே நின்றிருந்தாள். அவர் மூட்டையை வாங்கக் கை நீட்டினாள்.

“விடுங்க தங்கச்சி. கழுகுக்குன்னு படிக்க வந்த பொண்ணு இந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான். நல்லபடியா முடிங்க” என்றார் ஜோகன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் மகள் சுக்னி சும்மா விடவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை அவள்.

“வகுப்புக்குள்ள நுழைஞ்சா, ‘கழுகுக்கு விஷம் வெச்சவரு பொண்ணு வருது’ன்னு பின்வரிசையில சிரிக்குதுங்க. உனக்கு ஏம்ப்பா புத்தி இப்படிப் போச்சு?”

“மாடு அலறுச்சும்மா.”

“மாடு அலறுச்சாம்! இப்ப நாம அலறுறோம்.”

அந்த வருடம் காப்பகத்து இலவ மரங்களில் ஒரு கூட்டில்கூடக் குஞ்சு பொரிக்கவில்லை. ஜோகனுக்கு மாடு மேய்க்கக்கூட யாரும் வேலை தரவில்லை. ஆற்றங்கரையில் ஜல்லி உடைக்கப் போனார். வானத்தில் நிழல் ஓடினால் மட்டும் சுத்தியலை வைத்துவிட்டு அண்ணாந்து பார்ப்பார். பெரும்பாலும் அது பருந்தாக இருக்கும்.

எட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், சுக்னி கனமான புத்தகம் ஒன்றோடு வந்தாள்.

“அந்த அபேக்ஷாவோட ஆய்வேடுப்பா. முதல் வகுப்புல தேறிட்டாங்களாம். காப்பகத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்காங்க. பாத்துட்டுத் தரேன்னு வாங்கிட்டு வந்தேன்.”

சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு ஜோகன் கையைத் துடைத்துக்கொண்டார். “பாஸாயிட்டாங்களா? படி, படி. எத்தனாம் நம்பர் கூடு வரைக்கும் எழுதியிருக்காங்க?”

சுக்னி பக்கங்களைப் புரட்டி, கழுகுகள் செத்த அத்தியாயத்துக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகத் தங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

“என்னம்மா?”

“‘இந்தப் பேரழிவுக்கு முதற் காரணம், பலமுறை பயிற்சி கொடுத்த பின்னும் நீங்காத உள்ளூர்ப் பராமரிப்பாளரின் அறியாமை.’ இப்படி எழுதியிருக்காங்கப்பா.” அவள் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். கண் கலங்கியிருந்தது. “காலத்துக்கும் இது நிக்கும். இனிமே படிக்க வர்ற ஒவ்வொருத்தரும் இதைத்தான் படிப்பாங்க. உண்மையைச் சொல்லுப்பா. ஒன்பது வருஷம் அங்கேயே கிடந்த உனக்கு அது கழுகைக் கொல்லுற மருந்துன்னு தெரியவே தெரியாதா?”

ஜோகன் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து அட்டையைத் தடவினார்.

“புட்டியைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சும்மா. ‘வேணாம் தங்கச்சி, இதுவும் அதே சாதி மருந்துதான்’னு கையைப் பிடிச்சேன், ‘இதைப் பத்தித்தான் அண்ணே நான் படிக்கிறேன்’னு என் கையைத் தட்டி விட்டுட்டு அவங்களேதான் ஊசியைப் போட்டாங்க.”