அஞ்சலையின் ஞானஸ்நானம்

மொரீசியசில், பிளேன் மாக்னியன் ஊர்க் கரும்பு நிலக்காரரின் மகள் குளோதெத்தைக் கட்டிக்கொள்ள, வேலாயுதம் ஞானஸ்நானம் பெற்று பிரான்சுவா ஆனான். அவன் முன்பு தாலி கட்டிய அஞ்சலை, கிறிஸ்தவ வேதத்தில் சேரவும் அவனோடு வாழவும் மறுத்துவிட்டால் அந்தக் கல்யாணத்திலிருந்து அவனுக்கு விடுதலை. அதுதான் திருச்சபைச் சட்டம்.

சாமியார் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வேதத்துல சேர்றேன் சாமி. இவரோடயே வாழறேன்."

பிரான்சுவாவுக்கு முகம் செத்துவிட்டது.

"அடிச்சு விரட்டினவன்மேல இவ்வளவு பாசமா, மகளே!" சாமியார் கண் கலங்கினார். அடுத்த ஞாயிறே அவள் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

"இனிமே இவரு வேற கல்யாணம் பண்ண முடியாதா, சாமி?"

"நீ உயிரோட இருக்கிறவரைக்கும் முடியாது."

அஞ்சலை முந்தானையால் தலையைத் துவட்டினாள்.

"அப்ப சரி சாமி. நாளைக்கு மெட்ராஸ் கப்பல்ல நான் ஊருக்குப் போறேன். என் சாவுச் சேதி மட்டும் இவருக்கு எப்பவும் வராது."