வேகப் பொத்தான்

ஆறு மணிக்குப் பழைய சோதனைச் சர்வரை நிரந்தரமாக அணைக்கப் போகிறார்கள்.

அவளுடைய விண்கலம் எட்டாவது கோளைச் சேர ஆறு நாற்பது ஆகும்.

மறுபடி கணக்குப் பார்த்தாள். ஆறு நாற்பதுதான்.

மூன்று வாரமாக இதே வேலை. அவளுடைய நிறுவனத்தின் கணினி விளையாட்டில் தொலைதூர விண்கலங்களின் பயணத்தை யாரும் பொறுத்திருந்து பார்ப்பதில்லை. ஏவுகிறார்கள். வேகப் பொத்தானை அழுத்துகிறார்கள். மூன்று ஆண்டுப் பயணம் இரண்டு நொடியில் முடிகிறது. கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பயணத்தின் முடிவில் பதக்கம் வைத்துப் பார்த்தாள். அரிய தாதுக்களை வைத்துப் பார்த்தாள். புதிய நிலா ஒன்றைக்கூட வைத்துப் பார்த்தாள்.

எல்லாம் இரண்டு நொடி.

ஆட்களைக் காத்திருக்க வைக்க இன்றைக்குள் வழி கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விளையாட்டிலிருந்து வெட்டிவிடுவார்கள்.

அந்தப் பகுதியின் வடிவமைப்பு அட்டவணையில் 'பலன்' என்ற கட்டம் காலியாக இருந்தது. கண் எரிந்தது.

அவளுடையது பழைய விண்கலம். மூன்று ஆண்டுக்கு முன் வேலைக்குச் சேர்ந்த வாரம், பழகிப் பார்க்கச் சொன்னபோது ஏவியது. வேகப் பொத்தான் இருப்பது அப்போது தெரியாது. யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

கூச்சம்.

காத்திருப்பதும் வேலைதான் போல என்று இருந்துவிட்டாள். விஷயம் தெரிந்தபோது அது பாதி தூரம் போயிருந்தது. அழுத்த மனம் வரவில்லை.

தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் அந்தப் புள்ளியைத் தேடுவாள். ஒரு மயிரிழை நகர்ந்திருக்கும்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாவிக்கொத்தோடு வந்தார் தேவசகாயம் சார். அணைக்க வேண்டியவர் அவர்தான்.

"முடிச்சாச்சா மக்களே?"

"ஒரு நாப்பத்தஞ்சு நிமிஷம் வேணும் சார்."

மூன்று ஆண்டில் அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். "இதுக்கா? பொத்தான அமுக்குனா ரெண்டு செகண்டுல்லா?"

"அமுக்கல சார்."

"எப்ப விட்டது?"

"சேந்த வாரம்."

சிரிக்கப் போனவர் சிரிக்கவில்லை. சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஆறு.

ஆறு பத்து. புள்ளி நகர்ந்ததாகவே தெரியவில்லை.

ஆறு இருபதுக்கு அவர் கை வேகப் பொத்தான் பக்கம் போனது. பாதியில் நின்றது. திரும்பி வந்து மீசையைத் தடவிக்கொண்டது.

வீட்டுக்குக் கிளம்பிய பக்கத்து மேசைப் பெனிட்டா, தோளில் பையுமாக எட்டிப் பார்த்தாள். "என்ன சார், கிரிக்கெட்டா?"

"சத்தம் போடாத. இன்னும் வரல."

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

பெனிட்டா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அவர்கள் இருவரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் இன்னொரு திரையில் அட்டவணையைத் திறந்தாள். 'பலன்' கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. அதற்கு மேலே, 'வேகப் பொத்தான்' என்றிருந்த வரியை நீக்கினாள்.

இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.